கேட்கப்படாத வியாதிகள்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

இப்படிப்பட்ட கூட்டங்களில் எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எத்தனை ஆபரேஷன்கள் நடந்தன, எந்தக் கட்டடம் எழும்புகிறது என்றெல்லாம் கேட்டுச் சந்தோஷப்படுவது நம் வழக்கம். அந்தக் கணக்குகளைச் சற்று முன்பு கேட்டீர்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இந்த நேரத்தில், கூட்டங்களில் பேசுவதற்கு நாம் கூச்சப்படுகிற ஒரு காரியத்தைப் பேசத் துணிகிறோம். பெண்களுக்கு மறைவான இடங்களில் வரும் வியாதிகளையும், ஆண் பெண் உறவின் வழியாய்ப் பரவும் வியாதிகளையும் உலக மருத்துவ ஆராய்ச்சி எப்படிப் பார்த்தது, எப்படிப் பாராமல் விட்டது என்பதே அந்தக் காரியம்.

இதைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்க, குருவானவர்கள் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வார்டுகளில் கட்டில் கட்டிலாகச் சென்று நலம் விசாரிப்பது எங்கள் வேலை. என்ன செய்கிறது அம்மா என்று கேட்டால், "இடுப்பு வலி ஐயா, அசதியாயிருக்குது" என்பார்கள். அதற்குமேல் எங்களிடம் சொல்லமாட்டார்கள். நர்ஸ் அம்மா திரையை இழுத்துவிட்டுக் கிட்டப் போய்க் கேட்ட பிறகுதான், வருஷக்கணக்காக வெள்ளைப்பட்டதும், உதிரம் போனதும், அதைக் கணவனிடம்கூடச் சொல்லாமல் இருந்ததும் வெளியே வரும். சுவிசேஷத்தில் வருகிற பெரும்பாடுள்ள ஸ்திரீயும் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தவள்தான். கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்துதான் அவளால் தொட முடிந்தது. இந்தக் கூச்சம் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

ஆராய்ச்சி என்பது எங்கோ பெரிய ஊர்களில் நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் ஓ.பி.யில் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையும், நர்சுகள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ஏதோவொரு ஆய்விலிருந்து வந்தவைதான். அந்த ஆய்வு யாரிடம் போய்க் கேட்டதோ அவர்களுடைய வியாதிக்கு மருந்து வந்தது. யாரிடம் கேட்கவில்லையோ அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இதை மூன்று தலைப்புகளில் சொல்லி, கடைசியாக நமது மாநிலத்திலேயே நடந்த ஒரு காரியத்துக்கு வருகிறோம்.

முதலாவது: கணக்கில் வராத பெண்கள்

ஏழை நாடுகளின் பெண்களைப் பற்றிச் சுகாதாரத் திட்டங்கள் வெகுகாலம் இரண்டு கேள்விகளைத்தான் முக்கியமாகக் கேட்டன. பிரசவம் எங்கே நடந்தது? குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாளா? 1985-ல் ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபோரா மெய்ன் என்ற இருவர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய் சேய் நலம் என்று பேர் வைத்திருக்கிறோமே, அதில் சேயைப் பார்க்கிறோம், தாயை எங்கே காணோம் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. தாயாயிருக்கும்போதே இந்தக் கதியென்றால், தாயாகாத பெண்ணையும், பிள்ளைபெறும் காலம் கடந்த பெண்ணையும் யார் பார்ப்பார்கள்?

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ராணி பங். அவரும் அவர் கணவர் டாக்டர் அபய் பங்கும் மகாராஷ்டிர மாநிலத்தில் காடும் ஆதிவாசி கிராமங்களுமான கட்சிரோலி மாவட்டத்தில் ஊழியம் செய்யப் போனவர்கள். அங்கே இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டுமல்ல, நோய் இல்லையென்று சொன்னவர்களையும் சேர்த்தே பார்த்தார்கள். 1989-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 92 பேருக்குக் கர்ப்பப்பை சம்பந்தமான அல்லது பால்வினை சம்பந்தமான ஏதாவதொரு வியாதி இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட கோளாறுகள். ஆனால் அதற்கு முன் எப்போதாவது ஒரு தடவை இதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே.

அன்பானவர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 92 பேருக்கு நோய், 8 பேருக்குப் பரிசோதனை. அந்தக் கிராமங்களில் திடீரென்று கொள்ளைநோய் ஒன்றும் வந்துவிடவில்லை. நோய் அங்கேதான் இருந்தது, கேட்க ஆள் இல்லை. 1994-ல் கெய்ரோ நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, ஜனத்தொகையைக் குறைப்பதையே பேசிக்கொண்டிருந்த வழக்கத்தை மாற்றி, பெண்ணின் இனப்பெருக்க நலம், பாலியல் நலம் என்று பேசத் தொடங்கியதற்கு, இப்படிப்பட்ட ஆய்வுகளும் பெண்கள் இயக்கங்களும் வழி திறந்தன.

வசதியான நாடுகளிலும் இந்தக் குறை இருந்தது. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்த துயரம் 1960-களின் தொடக்கத்தில் உலகத்தை உலுக்கிற்று. அந்தப் பயம் நீங்காத அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளைபெறக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்கலாகாது என்று 1977-ல் நெறிமுறை வகுத்தது. பாதுகாக்க வேண்டுமென்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் சோதனையில் பெண் இல்லாவிட்டால், அந்த மருந்து பெண்ணின் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்பது எப்படித் தெரியும்? 1993-ல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது.

இரண்டாவது: பழி சுமந்த பெண்கள்

எய்ட்ஸ் வியாதி 1981-ல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்டபோது, நோயாளிகள் ஆண்கள். அவர்களுக்கு என்னென்ன வந்ததோ அதை வைத்தே எய்ட்ஸ் என்றால் இன்னது என்று இலக்கணம் எழுதினார்கள். பெண்களுக்கு அதே கிருமியினால் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தபோது, அது அந்த இலக்கணத்தில் இல்லை. ஆகையால் அவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளாக எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் உதவித்தொகை கிடைப்பதும் கடினமாயிற்று. பெண்கள் வழக்குத் தொடுத்தும் தெருவில் இறங்கிப் போராடியும், 1993 ஜனவரியில்தான் அந்தப் புற்றுநோய் பட்டியலில் சேர்ந்தது.

நம் தேசத்தில் நடந்ததையும் கேளுங்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த நிர்மலா என்ற மாணவியும் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. உண்டா என்று தேடினார்கள். இங்கே வராது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து, சோதனைக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. அது தைரியமான, அவசியமான வேலை. டாக்டர் சுனிதி அம்மையார் 2015-ல் மறையும்வரை இந்த நோயாளிகளோடேயே இருந்தார்.

ஆனால் ஜனங்கள் அந்தச் செய்தியைக் கேட்ட விதம் வேறு. இது கெட்ட பெண்களின் வியாதி என்று முடிவு கட்டினார்கள். அந்த ஆறு பேருக்கும் அதைக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி எழவில்லை. அப்படி வந்துபோன ஆண்களுக்கு வீட்டில் மனைவி இருப்பாளே என்ற கேள்வியும் எழவில்லை.

அந்தக் கேள்வியைப் பிற்பாடு கேட்ட ஆய்வுகள் உண்டு. பூனா நகரத்தில் 1993 முதல் 1996 வரை பால்வினை நோய் கிளினிக்குகளுக்கு வந்த பெண்களைச் சோதித்தார்கள். பாலியல் தொழிலில் இல்லாத, பெரும்பாலும் மணமான பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மேல் ஹெச்.ஐ.வி. இருந்தது. அவர்கள் செய்த காரியம் என்னவென்று தேடினால், பால்வினை நோயுள்ள கணவனோடு வாழ்ந்ததுதான். 2000-ல் வெளியான தென்னிந்திய ஆய்வொன்றில், கிருமி கண்ட பெண்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே ஒருவரோடு மாத்திரம் வாழ்ந்தவர்கள். கற்பாயிரு, ஒருவனோடு இரு என்று நாம் பிரசங்கம் பண்ணினோமே, அதை அட்சரம் தவறாமல் கைக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பிரசங்கம் யாருடைய காதில் விழ வேண்டுமோ அவர்களுடைய காதில் விழவில்லை என்பதை இந்த எண்கள் நமக்குச் சொல்லுகின்றன. புருஷன் இறந்தபின் அவளையே குற்றஞ்சாட்டி வீட்டைவிட்டு அனுப்பிய குடும்பங்களை மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற எவரும் அறிவர்.

மூன்றாவது: தன் கையில் இல்லாத பாதுகாப்பு

இந்த வியாதிகளைத் தடுக்க வழி என்ன என்று கேட்டால், ஆணுறை என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நல்ல வழிதான். ஆனால் அதை அணிய வேண்டியவன் ஆண். வேண்டாம் என்று அவன் சொன்னால், அவள் என்ன செய்வாள்? என்மேல் சந்தேகமா என்று அடி விழும், அல்லது நீ எங்கே போனாய் என்று திருப்பிக் கேள்வி வரும். பெண் தன் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் 1990-லிருந்தே ஆராய்ச்சி உலகில் எழுந்தது. பலன் வர நீண்டகாலம் பிடித்தது.

இதன் பாரம் அதிகம் விழுந்திருப்பது ஆப்பிரிக்காவில். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் 2023-ல் புதிதாய்க் கிருமி பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் பெண்களும் சிறுமிகளும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டாக்டர் குரைஷா அப்துல் கரீமும், அவர் கணவர் சலீம் அப்துல் கரீமும், 889 பெண்களை வைத்து ஒரு மருந்துக் களிம்பைச் சோதித்தார்கள். 2010-ல் வந்த முடிவு: அது தொற்றை நூற்றுக்கு 39 பங்கு குறைத்தது. பெண்ணே உபயோகித்துத் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது முதல் சாட்சி.

அதற்குப் பின் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களைக் கொண்டு 'வாய்ஸ்' என்றொரு பெரிய சோதனை நடந்தது. தினமும் மாத்திரை அல்லது களிம்பு. ஒன்றும் பலிக்கவில்லை என்று 2013-ல் அறிவித்தார்கள். உபயோகித்தீர்களா என்று கேட்டால் பெண்கள் தவறாமல் உபயோகித்தோம் என்றார்கள். இரத்தத்தைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது.

இதைக் கேட்டதும், பொய் சொன்னார்கள், ஒழுங்கில்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆராய்ச்சியாளர்கள் நல்லவேளையாக அதோடு நிற்கவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து, ஏன் அம்மா என்று கேட்டார்கள். வீட்டில் அந்த டப்பாவைப் பார்த்தால் எனக்கே நோய் என்று நினைப்பார்கள் என்றார்கள் சிலர். கணவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் சிலருக்கு. மருந்து நல்ல மருந்துதான். அதை ஒளித்துவைக்க ஓர் அலமாரிகூட சொந்தமில்லாத பெண்ணுக்கு அது ஏற்றதாயில்லை.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதன் பலன் 2024-ல் தெரிந்தது. லெனகாபவிர் என்ற ஊசி மருந்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் போதும். வீட்டில் டப்பா இல்லை, ஒளிக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதே சோதனையில் தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட மற்ற இரண்டு குழுக்களில் 55 பேருக்கு வந்தது. இன்னொரு விசேஷம், அந்தச் சோதனையில் கர்ப்பமானவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிவிடப்படாமல், சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 2025 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த ஊசியைப் பரிந்துரைத்தது. இனி அது ஏழைப் பெண்ணின் எட்டுகிற விலையில் கிடைக்க வேண்டுமே என்பது எங்கள் கவலை.

கடைசியாக: நமது மாநிலத்தில்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் உறவின் வழியாய்ப் பரவுகிறது. ஆண் அதைச் சுமந்துவருவதை அவனே அறியாமலிருக்கலாம். வருஷங்கள் கழித்துப் புற்றுநோய் பெரும்பாலும் பெண்ணுக்கே வருகிறது. இந்தியாவில் 2022-ல் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இது வந்ததாகவும், ஏறக்குறைய 80,000 பேர் மாண்டதாகவும் சர்வதேசக் கணிப்பு கூறுகிறது. இவ்வளவுக்கும் இது பத்துப் பதினைந்து வருஷம் மெதுவாய் வளர்கிற, முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுக்கக்கூடிய வியாதி.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ சமுதாய நல மையம் உண்டு. 2000-க்குப் பிறகு அந்த மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு தேசத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளையாய் மாறிய இடம் இருந்தால் கூடுமானவரை அப்போதே சிகிச்சை. பெரிய லேப் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள் அழைக்கப்பட்டு, 31,343 பேர் வந்தார்கள். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது. நம் கிராமத்துத் தாய்மார்கள் தந்த அந்த விடை, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அநேக நாடுகளுக்கு உபயோகமாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வென்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும். திண்டுக்கல், மும்பை, உஸ்மனாபாத் ஆகிய மூன்று இடங்களின் ஆய்வுகளிலும் சேர்த்து, பரிசோதனை செய்யப்படாமல் கண்காணிக்கப்பட்ட பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். இது சரியா என்று பின்னர் பலத்த விவாதம் எழுந்தது. அக்காலத்தில் நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் அரசாங்கப் பரிசோதனைத் திட்டம் இல்லை, ஆகவே நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். தடுக்க வழி தெரிந்திருந்தும் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. பணக்கார தேசத்துப் பெண்களை வைத்து இப்படி ஓர் ஆய்வை நடத்தியிருப்பார்களா என்று எண்ணும்போது எங்கள் மனது சமாதானமடையவில்லை. அந்த 254 பேருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் மூலமாக நிரூபிக்கப்பட்ட பரிசோதனையை எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.

தீர்த்தோமா? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பேருக்குச் சமீபம். நாம் முந்தி நிற்கிறோம் என்று சந்தோஷப்படலாம். மீதி தொண்ணூறு பேரை நினைத்தால் சந்தோஷம் நிலைக்காது.

ஆதலால் அன்பானவர்களே, நாங்கள் உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறோம். சகோதரிகளே, உங்களில் முப்பது வயது தாண்டியவர்கள், வலியில்லையே என்று இராமல் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்கள். வேதனையான காரியமல்ல, சில நிமிஷ வேலை. ஒன்பது முதல் பதினான்கு வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி உண்டு; டாக்டரிடம் கேளுங்கள். பெண்கள் சங்கங்களில் இதை ஒரு நாள் பேசுங்கள். வெட்கம் என்று ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் நன்றாய்க் காது கொடுத்துக் கேட்பார்.

சகோதரரே, உங்களிடம் கேட்பது இன்னும் அதிகம். உங்கள் மனைவியையோ தாயையோ பரிசோதனைக்கு அழைத்துப்போக ஒரு நாள் லீவு போடுங்கள். உங்களுக்கு ஒரு பால்வினை நோய் வந்தால், இரகசியமாய் ஊசி போட்டுக்கொண்டு நின்றுவிடாமல் மனைவிக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள். ஹெச்.ஐ.வி. சோதனை கர்ப்பிணிக்கு மாத்திரம் உரியதல்ல. பெண்ணின் நோய்க்கு விடை அநேக வேளைகளில் ஆணிடம் இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் கொடைகளைப் பெறுகிற எங்களைப் போன்றவர்களிடமும், எந்த ஆஸ்பத்திரியிடமும், எந்த ஆய்வு நிறுவனத்திடமும் தயங்காமல் கேளுங்கள். பெண்களிடம் கேட்டீர்களா? தனி அறையில், திரை இழுத்து, அவர்கள் பாஷையில் கேட்டீர்களா? சம்மதத்தை அவர்களிடமே வாங்கினீர்களா, அல்லது வீட்டுப் பெரியவரிடம் வாங்கினீர்களா? கட்டடத்தின் அளவைக் கேட்பது போல இதையும் கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் பதில் சொல்லுகிறவர்கள் ஆயத்தமாயிருப்பார்கள்.

கூட்டம் முடிந்தபின், பெண்கள் நல கிளினிக்கின் நர்சுகள் வலதுபக்கத்து வராந்தாவில் இருப்பார்கள். பரிசோதனைக்குப் பேர் கொடுக்க விரும்புகிற சகோதரிகள் அவர்களைத் தனியே பார்க்கலாம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.